முகமூடியின் நெற்றியில் முத்திரை

அன்று காலை கடையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

கடைக்காரர். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி. ஜெராக்ஸ் மெஷினும் ஸ்டேப்ளரும் அவர் பொறுப்பு. ஓய்வு பெற்ற தலையாரி ஒருவர். பென்சன் நிற்காமல் வர வேண்டுமென்றால் வருடத்துக்கு ஒரு முறை விரல் வைத்து, தான் உயிரோடு இருப்பதைச் சொல்ல வேண்டும். அதற்காக வந்திருந்தார். பி.காம். முடித்த ஒரு பெண். பரீட்சைக்கு ஹால் டிக்கெட் எடுக்க வந்திருந்தது. அப்புறம் நான். ஐந்து பேர்.

ஆறாவது ஆள் கம்ப்யூட்டருக்குள் இருந்தான். அவன் பெயர் இன்று வரை யாருக்கும் தெரியாது.

பெரம்பலூர் பஸ்ஸும் அரியலூர் பஸ்ஸும் எங்கள் ஊரில் நிற்கும். எந்த மாவட்டம் என்று எழுதப் போவதில்லை. எங்கள் ஒன்றிய ஆபீஸில் இருப்பவர்கள் இப்போதும் என்னைப் பார்த்தால் தலையாட்டுகிறவர்கள். அவர்களுக்கு என்னால் தொந்தரவு வேண்டாம்.

நான் கடைக்குப் போனது வேலைக்கு மனுப் போட. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமையல் உதவியாளர் இடம் ஒன்று காலி. பத்தாவது தவறியிருந்தாலும் போதும் என்று போட்டிருந்தார்கள். நான் கணக்கில் தவறினேன். வீட்டுக்காரர் போய் ஆறு வருடம். அதற்குப் பிறகு முந்திரி உடைக்கிற வேலைதான். சீசனில் உண்டு. மற்ற நாளில் இல்லை.

வயது மட்டும் நாற்பது நிறைந்திருக்கக் கூடாது. கடைசித் தேதியை வைத்துக் கணக்கு. கடைசித் தேதி அந்த வியாழக்கிழமை, மாலை ஐந்தே முக்கால். எனக்கு நாற்பது நிறைய அன்றிலிருந்து ஒன்பது நாள் இருந்தது. இதை விட்டால் அடுத்த முறை என்று ஒன்று எனக்குக் கிடையாது.

கடைசி நாள் வரை ஏன் விட்டாய் என்று எல்லாரும் கேட்டார்கள். ஆதரவற்ற விதவைச் சான்று புதன்கிழமை சாயங்காலம்தான் கைக்கு வந்தது. அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மனுப் படிவத்தை அரசாங்க வலைத்தளத்தில்தான் எடுக்க வேண்டும். கடைக்காரர் தட்டினார். பக்கம் வந்தது. முழுக்கக் கறுப்பு. வழக்கமாகக் கோபுரச் சின்னம் இருக்கிற இடத்தில் வெள்ளை முகமூடி போட்ட ஒரு முகம். அதற்குக் கீழே ஏதோ ஒரு கொடி. சிவப்பில் இங்கிலீஷ் எழுத்து. மெதுவாக ஒரு பாட்டு ஆரம்பித்தது. எந்த பாஷை என்று தெரியவில்லை.

"எதையாச்சும் அமுக்கிட்டீங்களா?" என்றார் மனைவி.

"நான் எதையும் அமுக்கல. நேத்து சாயங்காலம் கூட நாலு பேருக்கு எடுத்துக் கொடுத்தேன்."

"அப்ப இந்தாளு யாரு?"

"என்னைக் கேட்டா? என் சித்தப்பன் மவனா."

பி.காம். பெண் எழுந்து வந்து வாசித்தது. "ஹேக் பண்ணிட்டாங்கண்ணே. நிழல் படைன்னு அவங்க பேரு போட்டிருக்கு. எங்கயோ நடக்குற சண்டையில நம்ம அரசாங்கம் எதிர்ப்பக்கம் பேசிடுச்சாம். மன்னிப்புக் கேக்குற வரைக்கும் இப்படித்தானாம்."

"எந்த அரசாங்கம்?" என்றார் தலையாரி.

"டெல்லி, தாத்தா."

"அப்ப டெல்லிக்குப் போறதுதானே. இங்க என்னத்துக்கு வந்தான்?"

"இங்கதான் பூட்டு லேசா இருந்திருக்கும்."

தலையாரி அதை ஒத்துக்கொண்டார். முப்பது வருடம் அவர் பூட்டித் திறந்த ஆபீஸ் கதவும் அப்படித்தான் என்றார். பிறகு பாட்டைக் கேட்டார். "மெட்டு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

நான் கேட்டேன். "தம்பி, படிவம் எங்க?"

"உள்ளதாங்க்கா இருக்கும். மேல இவன் உக்காந்திருக்கான்."

"எப்ப எந்திரிப்பான்?"

"மன்னிப்புக் கேட்டா."

"டெல்லியா கேக்கணும்?"

"ஆமா."

"அஞ்சே முக்காலுக்குள்ள கேட்டுடுவாங்களா?"

பாட்டு முடிந்து மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தது.

தலையாரியின் பென்சன் வலைத்தளம் வேறு. அது ஓடியது. அவர் விரல் வைத்தார். கடைக்காரர் திரையைப் பார்த்து, "உயிரோட இருக்கீங்க" என்றார். "சரி" என்று சொல்லிவிட்டு அவர் அங்கேயே உட்கார்ந்துகொண்டார். என் காரியம் என்ன ஆகிறது என்று பார்க்க.

எனக்கு ஒரு ஞாபகம் வந்தது. சில வருடம் முன்னால் இதே வேலைக்குக் கூப்பிட்டு, பாதியில் ரத்து செய்தார்கள். அப்போது வாங்கின படிவத்தில் எழுதாத ஜெராக்ஸ் ஒன்று ரேஷன் கார்டு உறைக்குள் வைத்திருந்தேன். வீட்டுக்குப் போய் எடுத்து வந்தேன். கேள்வி எல்லாம் அதேதான், வருடம்தான் வேறு என்று கடைக்காரர் சொன்னார். வருடத்தை அடித்துப் புதுசை எழுதினேன். மற்றதை அந்தப் பெண் சொல்லச் சொல்ல நிரப்பினேன்.

"புதுப் படிவத்துல ஏன் தரலன்னு கேப்பாங்கக்கா. அத்தாட்சி வேணும்" என்றார் கடைக்காரர். திரையில் இருந்ததை அப்படியே பிரிண்ட் போட்டார். மெஷின் வெகுநேரம் முனகியது. தாள் ஈரமாக வெளியே வந்தது.

"ஒரு தாளுக்கு ஒரு வார மை போச்சு" என்றார் மனைவி.

ஃபேனுக்குக் கீழே பிடித்துக் காய வைத்தேன். முகமூடி இருந்த இடம் மட்டும் மை படாமல் வெள்ளையாக இருந்தது. மற்ற இடமெல்லாம் கறுப்பு.

மனைவி எல்லாத் தாளையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தார். கம்ப்யூட்டரில் வந்த தாள் மேலே, கையால் எழுதினது கீழே. எங்கள் பக்கம் எல்லாக் கடையிலும் அப்படித்தான் அடிப்பார்கள். ஆன்லைன் ஒப்புகை மேலே தெரிந்தால்தான் ஆபீஸில் கை நீட்டுவார்கள். வருடக்கணக்காக அது பழகிவிட்டது. அவர் பழக்கத்தில் அடித்தார். நான் பழக்கத்தில் வாங்கிக்கொண்டேன். ஐந்து தாள். முகமூடிக்காரன் முதலில்.

ஒன்றிய ஆபீஸுக்குப் போய்ச் சேரும்போது மணி மூன்று. சத்துணவுப் பிரிவில் ஒரு கிளார்க் இருந்தார். மேல் தாளைத் தூக்கி, கீழே உள்ளதைப் பார்த்தார்.

"இது பழைய படிவம்மா."

"ஆமாங்க சார்."

"புதுசுலதான் தரணும்."

"புதுசு அவங்கிட்ட இருக்கு சார்." மேல் தாளைக் காட்டினேன்.

"காலையில இருந்து நானும் இவன் மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். எட்டிப் பார்த்தேன். அவர் கம்ப்யூட்டரிலும் அவன்தான். பாட்டை மட்டும் நிறுத்தி வைத்திருந்தார்.

"நான் என்னங்க சார் பண்றது?"

"என்னால வாங்க முடியாது. வேணாம்னு திருப்பி அனுப்பவும் முடியாது. தபால்ல கொடுத்துட்டுப் போங்க. நம்பர் விழுந்துடும்."

தபால் என்பது வாசல் பக்கம் ஒரு மேசை. ஆபீஸுக்கு வருகிற எந்தத் தாளும் முதலில் அங்கேதான் போகும். தேதி முத்திரை அடித்து, ரிஜிஸ்டரில் எழுதி, ஒரு நம்பர் கொடுப்பார்கள். அந்த நம்பர் விழுந்துவிட்டால் தாளைக் காணோம் என்று யாரும் சுலபமாகச் சொல்ல முடியாது.

தபால் மேசையில் இருந்தவர் முத்திரையை மையில் ஒற்றிக்கொண்டு தாளைப் பார்த்தார். இடம் தேடினார். கறுப்பில் அடித்தால் தெரியாது.

"எங்கம்மா அடிக்கிறது?"

"தெரியற இடத்துல அடிங்க சார்."

முகமூடியின் நெற்றியில் அடித்தார். ஊதா நிறத்தில் வட்டமாக விழுந்தது. ஆபீஸ் பெயர், தேதி, நடுவில் நம்பர். நன்றாகவே விழுந்தது.

"பொட்டு வச்சாப்ல இருக்கான்" என்றார்.

பிறகு ரிஜிஸ்டரில் எழுதினார். என் பெயர் நான்கு எழுத்து. அவர் எழுதிக்கொண்டே இருந்தார். அடிக்கடி தாளைப் பார்த்துப் பார்த்து எழுதினார். வீட்டுக்காரர் பெயர், தெரு, அஞ்சல் எல்லாம் சேர்த்து எழுதுகிறார் என்று நினைத்து நின்றேன்.

"ஒப்புகை கொடுங்க சார்."

"அது கம்ப்யூட்டர்லதாம்மா வரும். இன்னிக்கு ஓடல. நம்பரை எழுதிக்கோங்க. 1186."

உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். அது ஒன்றுதான் மனதில் உறுத்தியது. விதவை பென்சனுக்கு முதன்முதலில் மனுக் கொடுத்தபோது ஒப்புகை வாங்காமல் வந்தேன். அந்தத் தாள் எங்கே போனது என்று கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆனது. அதற்குப் பிறகு எங்கே எதைக் கொடுத்தாலும் அன்று வரை ரசீது வாங்காமல் நகர்ந்ததில்லை.

சனிக்கிழமை எங்கள் தெருவுக்குப் போலீஸ் ஜீப் வந்தது. ஒரு எஸ்.ஐ., ஒரு பெண் போலீஸ். நான் முந்திரி உடைத்துக்கொண்டிருந்தேன். தெருவில் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா குழம்புக் கரண்டியோடு நின்றார்.

எஸ்.ஐ. கையில் என் ஐந்து தாள் இருந்தது. மேலே அவன். நெற்றியில் முத்திரை.

"இது நீங்க கொடுத்ததா?"

"ஆமாங்க."

"ஒத்துக்கிறீங்க."

"நான் கொடுத்ததுதானுங்களே. நம்பர் கூட போட்டாங்க."

அவர் பெண் போலீஸைப் பார்த்தார். விஷயம் பிறகுதான் புரிந்தது. வலைத்தளத்தைப் பிடித்துக்கொண்டதைப் பற்றி ஆபீஸில் புகார் கொடுத்திருந்தார்கள். விசாரிக்க வந்தவர்கள் தபால் ரிஜிஸ்டரைப் புரட்டியிருக்கிறார்கள். அதில் 1186க்கு நேராக, அனுப்புநர் என்ற இடத்தில், இங்கிலீஷில் நிழல் படை என்று இருந்திருக்கிறது. மேல் தாளில் பெரிதாக என்ன இருந்ததோ அதை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து எழுதிவிட்டார் தபால் மேசைக்காரர். எப்படி வந்தது என்ற இடத்தில் 'நேரில்' என்று இருந்தது.

நிழல் படை நேரில் வந்து மனுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. கீழ்த் தாளில் விலாசமும் இருக்கிறது. அதனால் வந்துவிட்டார்கள்.

"கம்ப்யூட்டர் தெரியுமா?"

"பாத்திருக்கேன் சார்."

"எங்க?"

"கடையில."

"இமெயில் இருக்கா?"

"கடைக்காரர்ட்ட இருக்கு."

"பாஸ்வேர்டு?"

"அதுவும் அவர்ட்டதான்."

"உங்க ஆளுங்க மொத்தம் எத்தனை பேரு?"

"பன்னெண்டு பேரு சார். வாராவாரம் செவ்வாக்கிழமை கூடுவோம்."

எஸ்.ஐ. பேனாவை எடுத்தார். "எங்க கூடுவீங்க?"

"அங்கன்வாடியில. மகளிர் குழு சார்."

பெண் போலீஸ் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். எஸ்.ஐ. பேனாவை மூடினார்.

கைரேகை எடுக்க வேண்டும் என்றார்கள். கொடுத்தேன். ஒன்றும் விழவில்லை. மறுபடி அழுத்தினார்கள். விழவில்லை.

"உங்களுக்கு ரேகையே இல்லையேம்மா" என்றார் எஸ்.ஐ. குரல் மாறியிருந்தது.

"முந்திரிக் கொட்டைப் பால் பட்டுத் தேஞ்சு போச்சு சார். ரேஷன் கடையிலயும் விழாது. இந்தத் தெருவுல யாருக்கும் விழாது."

அவர் தெருவைப் பார்த்தார். நின்றுகொண்டிருந்த பெண்கள் எல்லாரும் கையைத் தூக்கிக் காட்டினார்கள். அக்கா கரண்டியை மாற்றிப் பிடித்துக்கொண்டு காட்டினார்.

அதற்குப் பிறகு பேச்சு சாதாரணமாகிவிட்டது. படிவம் கிடைக்காத கதையை முழுக்கச் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். வாசித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன். தாளை உறையில் போட்டு ஜீப்பில் ஏறப் போனார்கள்.

"சார், ரசீது?"

"எதுக்கு?"

"என் தாளை எடுத்துட்டுப் போறீங்களே."

"இது கேஸுக்கு ஆதாரம்மா. திரும்ப வராது."

"அதனாலதான் சார் கேக்குறேன்."

"ஏம்மா, போலீஸ்ட்டயே ரசீதா?"

"எல்லாத்துட்டயும் கேப்பேன் சார்."

அவர் உறையைத் திறந்து தாளை எண்ணினார். பிறகு பெண் போலீஸிடம் எழுதச் சொன்னார். இன்னார், இன்ன தேதியில், ஒன்றிய ஆபீஸில் 1186 தபால் நம்பரில் நேரில் கொடுத்த தாள் ஐந்து, விசாரணைக்காகப் பெற்றுக்கொள்ளப்பட்டது. கீழே கையெழுத்து. ரேஷன் கார்டு உறைக்குள் வைத்தேன்.

திங்கட்கிழமை முகமூடி போய்விட்டது. கோபுரம் திரும்பி வந்தது. டெல்லி மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. கடைக்காரர் போன் செய்தார்.

"அக்கா, நல்ல சேதி. வலைத்தளம் கெட்டுப்போனதால பதினஞ்சு நாள் கூட்டிக் கொடுத்திருக்காங்க. வாங்க, புதுப் படிவத்துலயே போட்டுடலாம்."

"வயசு?"

"என்ன வயசு?"

"எந்தத் தேதிக்குக் கணக்கு?"

வாசித்துப் பார்த்தார். "புதுக் கடைசித் தேதிக்குத்தான்க்கா போட்டிருக்கு."

விரலில் எண்ணிப் பார்த்தேன். புதுத் தேதியில் எனக்கு நாற்பது வயதும் ஆறு நாளும் ஆகிவிடும். ஊரில் மற்றவர்களுக்கு அது நல்ல செய்திதான். எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் அன்றைக்குப் புதிதாக மனுப் போட்டார்கள்.

மறுநாள் ஒன்றிய ஆபீஸ் போனேன். அதே கிளார்க்.

"முன்னாடியே தபால்ல கொடுத்தவங்களுக்குப் பழைய தேதிதாம்மா கணக்கு. தெளிவாப் போட்டிருக்கு."

"நான் கொடுத்திருக்கேன் சார். 1186."

ரிஜிஸ்டரை எடுத்து வந்தார். விரலை வைத்துக்கொண்டே கீழே வந்தார். நின்றார்.

"1186 நிழல் படைம்மா."

"அது நான்தான் சார்."

"உங்க பேரு அதுல இல்லையே."

தபால் மேசைக்காரரைக் கூப்பிட்டார். "தாள்ல மேல என்ன இருந்துச்சோ அதை எழுதுனேன் சார். அப்படித்தானே எழுதணும்?" என்றார் அவர். தப்பு என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

"தாள் எங்க?"

"போலீஸ்ல சார்."

கிளார்க் ரிஜிஸ்டரை மூடினார். "அம்மா, எனக்கு உங்களைத் தெரியும். அன்னிக்கு வந்தீங்க, பேசுனீங்க, எல்லாம் ஞாபகம் இருக்கு. ஆனா என் ஞாபகத்தை ஃபைல்ல வைக்க முடியாது. இந்த நிழல் படை நீங்கதான்னு யாராச்சும் எழுதிக் கொடுக்கணும்."

உறையில் இருந்து ரசீதை எடுத்துக் கொடுத்தேன். ஒரு முறை வாசித்தார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி வாசித்தார். தபால் மேசைக்காரரிடம் கொடுத்தார். அவரும் வாசித்தார்.

"போலீஸே சொல்லிட்டாங்க" என்றார் அவர்.

ரிஜிஸ்டரில் விழுந்த பெயரை அடிக்கக் கூடாது. அது ஆபீஸ் வழக்கம். அதனால் குறிப்பு என்ற இடத்தில் சிவப்பு மையில் எழுதினார்கள். என் கண் முன்னால் எழுதினார்கள், நானும் வாசித்தேன். 'மேற்படி நிழல் படை என்பது இன்னாருடைய மனைவி இன்னார், காவல்துறை ரசீதுப்படி.' அதிகாரி கையெழுத்துப் போட்டார். ரசீதின் ஜெராக்ஸை ஒட்டிக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுத்தார்கள். புதுப் படிவத்தில் ஒன்று எழுதி வாங்கி, அதையும் பழைய நம்பரோடு சேர்த்தார்கள்.

அந்தப் பதினைந்து நாளில் ஒருநாள் என் பிறந்தநாள் வந்தது. வேலைக்குப் போனேன்.

நேர்காணலுக்கு எங்கள் பள்ளிக்கு நான்கு பேர் வந்திருந்தோம். மூன்று பேர் என்னை விடச் சின்ன வயது. உள்ளே அதிகாரி ஃபைலைப் புரட்டினார். சிவப்பு மை இருந்த பக்கத்தில் நின்றார்.

"நிழல் படை நீங்கதானா?"

"ரிஜிஸ்டர்ல அப்படித்தான் சார் இருக்கு."

"போலீஸ்ல கேஸ் ஏதும் உண்டா?"

"இல்லைங்க. ரசீதுதான் உண்டு."

பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் குடித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. வயதைத் தேதி வைத்துச் சரிபார்த்தார். ஒரு முறை கூட்டி, ஒரு முறை கழித்துப் பார்த்தார். சரி என்று குறி போட்டார்.

"பெரிய பாத்திரத்துல சமைச்ச பழக்கம் இருக்கா?"

"கோயில் கஞ்சிக்குச் சமைச்சிருக்கேன் சார்."

"தீஞ்சிருக்கா?"

"ஒரு தடவை."

"என்ன பண்ணுனீங்க?"

"வேற பாத்திரத்துக்கு மாத்துனேன். அடிய சொரண்டல."

அவர் எழுதிக்கொண்டார். போகலாம் என்றார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஆர்டர் வந்தது. ஆதரவற்ற விதவைக்கு முன்னுரிமை என்று இருந்ததால் வந்தது என்றார்கள். இருக்கலாம். வாங்கினதற்கு ரசீதில் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை அவர்கள் என்னிடம் கேட்டார்கள்.

முதல் நாள் சாம்பார் சாதம், முட்டை. காலை ஒன்பதுக்கு அடுப்பு மூட்டினோம். சமையல்காரம்மா உப்புப் போட்டார். என்னைப் போட விடவில்லை. பன்னிரண்டரைக்கு மணி அடித்தார்கள். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வந்தார்கள். நான் முட்டை வைத்தேன். ஒருவன் முட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மறுபடி வரிசையில் வந்தான். அவனுக்கு ஒன்றும் வைக்கவில்லை. எண்ணிக்கையிலும் சேர்க்கவில்லை.

எல்லாரும் கை கழுவப் போன பிறகு அமைப்பாளர் நோட்டோடு வந்தார்.

"எண்ணுனியா?"

"எண்ணுனேங்க."

"எத்தனை?"

நாற்பத்து மூன்று.